ஒரே ரூட்டர், இரண்டு அலைவரிசை: எதில் இணைப்பது?

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் இருக்கிறது சித்தப்பா வீடு. போன மாதம் அங்கே ஃபைபர் இணைப்பு வந்தது. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் ஒரே பெயர் இரண்டு தடவை, ஒன்றின் வாலில் மட்டும் 5ஜி. "ஏம்ப்பா, நம்ம வீட்டுக்கும் 5ஜி வந்துடுச்சா?" என்றார் சித்தப்பா.

நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. சிம் கார்டில் வரும் 5ஜி, ஐந்தாம் தலைமுறை செல்போன் சேவை. வைஃபை பெயரில் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வால் இல்லாத இன்னொரு பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சரி, 2.4-ஆ 5-ஆ? வேகம் என்று பார்த்தால் 5-தான். அதில் சேனல்கள், அதாவது சிக்னல் போகும் பாதைகள், அதிகம்; அவற்றை அகலமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழந்துவிடும். சித்தப்பா வீடு பழைய கருங்கல் கட்டடம், சுவரே ஒன்றரை அடி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தோம். ரூட்டர் இருக்கும் ஹாலில் 5-க்குக் கோடுகள் முழுசாக நின்றன. சமையல்கட்டு வாசற்படியைத் தாண்டியதும் ஒரே கோடு. மாட்டுக் கொட்டகையில் பெயரே மறைந்துபோனது. 2.4 அங்கேயும் இரண்டு கோடு காட்டியது.

2.4 மோசம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருப்பவர்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஒன்றோடொன்று மோதாமல் அதில் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். கிருஷ்ணகிரி டவுனில் வீட்டோடு வீடு ஒட்டிய தெருவில், பத்து ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்ளும். போதாததற்கு புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கம்தான். அங்கே 5-ஐ எடுங்கள். தோப்பு வீட்டில் அக்கம்பக்கத்து ரூட்டரே கிடையாது, 2.4 நிம்மதியாக ஓடும். இதைச் சொல்லாமல் எல்லோருக்கும் 5-ஐயே சிபாரிசு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்றும் சித்தப்பா கேட்டார். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் பிரயோஜனமில்லை, பாதி வழியில் வைக்க வேண்டும். அதைவிட ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்து, சமையல்கட்டில் ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, ஒன்று வைப்பதே என் தேர்வு. கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். சுவரில் ஒரு துளை போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், தோப்பைப் பார்க்க வாங்கிய கேமரா முதல் நாள் இணையவே இல்லை. பாஸ்வேர்டை நான்கு தடவை அடித்துப் பார்த்தார் சித்தி. விலை குறைந்த கேமராக்கள் பலவும் 2.4-ஐ மட்டுமே பிடிக்கும், அதை இணைக்கப் பயன்படுத்திய போனோ 5-இல் இருந்தது. போனை 2.4-க்கு மாற்றி மறுபடி முயன்றோம். கேட்டோரத்து மாமரம் திரையில் வந்து நின்றது.