பாகை, ரேடியன், கிரேட், சுற்று: அலகு வட்டத்தில் எது எங்கே கைகொடுக்கும்?

அலகு வட்டத்தில், அதாவது ஆரம் 1 உள்ள வட்டத்தில், ஒரு கோணத்தைச் சொல்ல நான்கு வழி உண்டு. 60 பாகை எனலாம், பை/3 ரேடியன் எனலாம், 66.67 கிரேட் (முழு வட்டம் 400 கிரேட்) எனலாம், ஆறில் ஒரு சுற்று என்றும் சொல்லலாம். நான்கும் கொண்டுபோய் நிறுத்துவது ஒரே புள்ளியில்தான்: (0.5, 0.866). ஆனால் அந்தப் புள்ளிவரை விளிம்பின் மேலேயே நடந்தால் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ரேடியன் மட்டும் கணக்கே போடாமல் 1.0472 என்று சொல்லிவிடும். மற்ற மூன்றுக்கும் ஒரு பெருக்கல் வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வட்டத்தைப் பங்குபோடப் பாகையும் சுற்றும், நீளம் கணக்கிட ரேடியன். கிரேட் நில அளவைக்காரர்களுக்கு வசதி, மற்றவர்களுக்குத் தேவைப்படாது. பிழைகளில் பெரும்பாலானவை ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்குத் தாவும் இடத்தில்தான் பிறக்கின்றன.

| பாகை | ரேடியன் (அலகு வட்டத்தில் வில் நீளமும் இதுவே) | கிரேட் | சுற்று |
|---|---|---|---|
| 30 | பை/6 = 0.5236 | 33.333… | 1/12 |
| 45 | பை/4 = 0.7854 | 50 | 1/8 |
| 57.2958 | 1 | 63.662 | 0.15915 |
| 60 | பை/3 = 1.0472 | 66.667 | 1/6 |
| 90 | பை/2 = 1.5708 | 100 | 1/4 |

பாகை: பங்குபோடப் பிறந்தது

360 என்ற எண்ணுக்கு 24 வகுத்திகள். 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 என எத்தனை பங்கு கேட்டாலும் முழு எண்ணாக வரும். 7 பங்கு கேட்டால்தான் முதல்முறை தடுக்கும். பாபிலோனியரின் 60 அடிப்படையிலான எண்முறையோடு வந்த வழக்கம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இந்த வசதியே போதுமான காரணம்.

வில் நீளம் வேண்டுமென்றால் கோணத்தை 360 ஆல் வகுத்து முழுச் சுற்றளவால் பெருக்க வேண்டும். அலகு வட்டத்தில் 72 பாகை என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6.2832 / 5 = 1.2566. இந்த வழியில் வேலை செய்பவர்கள் சூத்திரத்தை மறந்தாலும் தப்பித்துக்கொள்வார்கள், ஏனென்றால் 'வட்டத்தில் எத்தனை பங்கு' என்ற கேள்வி கண்முன்னே நிற்கிறது.

பாகையின் பலவீனம் அதன் சில்லறையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. 30 பாகை 30 கலை என்பதை 30.30 என்று கால்குலேட்டரில் தட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. 30.30 பாகை என்றால் 30 பாகை 18 கலைதான், சரியான எண் 30.5. இடையில் 12 கலை, அதாவது 0.00349 ரேடியன் காணாமல் போகிறது. அலகு வட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆரம் 100 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள்: வில்லில் 35 சென்டிமீட்டர் பிசகு.

பாகைமானியால் அளக்கும்போது எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள பாகைமானியில் ஒரு பாகைக்குக் கிடைக்கும் வில் 0.87 மில்லிமீட்டர். கூராக்காத பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், கோடே அரைப் பாகைக்கு மேல் விழுங்கிவிடும். இதைவிட மோசம், மையக்குறி முனையில் சரியாக உட்காராதது. மையம், அளக்கும் கதிருக்குக் குறுக்காக 2 மில்லிமீட்டர் விலகினால் 2/50 = 0.04 ரேடியன், கிட்டத்தட்ட 2.3 பாகை தவறு. பாகைமானியின் அடிவிளிம்பும் அடிக்கோடும் பல கருவிகளில் ஒன்றல்ல. விளிம்பைக் கோட்டோடு பொருத்துபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரேடியன்: ஆரத்தை வளைத்துப் போடுவது

ஆரத்தை வளைத்து வட்ட விளிம்பின் மேல் படியவைத்தால், அது மையத்தில் எடுக்கும் கோணம் 1 ரேடியன். பலருக்கு இங்கே ஒரு குழப்பம். கவராயத்தை அதே விரிவில் வைத்து விளிம்பில் வெட்டிக்கொண்டே போனால் ஆறு தடவையில் வட்டம் முடிந்துவிடுகிறதே, அப்படியென்றால் ஆரத்தின் அளவுள்ள வில்லுக்கு 60 பாகை வரவேண்டாமா? வராது. கவராயம் வெட்டுவது நாணை. நாண் 1 ஆக இருக்கும்போது கோணம் 60 பாகை, அதற்கு மேலே உப்பியிருக்கும் வில்லின் நீளம் 1.0472. வில்லே 1 ஆக இருக்க வேண்டுமென்றால் கோணம் கொஞ்சம் குறைய வேண்டும்: 57.2958 பாகை, அதாவது 57 பாகை 17 கலை 45 விகலை. அப்போது நாண் 0.9589 தான். 60-க்கும் 57.3-க்கும் உள்ள இடைவெளி முழுக்க நாணுக்கும் வில்லுக்கும் உள்ள இடைவெளி. இந்த ஒரு படத்தை வரைந்து பார்த்தவருக்கு ரேடியன் பிறகு குழம்பாது.

சூத்திரம்: வில் நீளம் = ஆரம் × கோணம். அவ்வளவுதான், 180-உம் இல்லை, 360-உம் இல்லை. வட்டக்கோணப் பகுதியின் பரப்பும் ஆரத்தின் வர்க்கம் × கோணம் / 2 என்று சுருங்கிவிடும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்பது விநாடிக்கு 314.16 ரேடியன். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பு வேகம் கேட்டால் 0.1 ஆல் பெருக்குங்கள், விநாடிக்கு 31.4 மீட்டர்.

நுண்கணிதத்தில் போட்டியே கிடையாது. சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை. பாகையில் செய்தால் ஒவ்வொரு முறை வகையிடும்போதும் 0.0174533 என்ற எண் ஒட்டிக்கொண்டு வரும், இரண்டு முறை வகையிட்டால் அதன் வர்க்கம். சிறு கோணங்களில் சைனும் கோணமும் ஏறக்குறைய ஒன்று என்பதும் ரேடியனில்தான்: 0.1 ரேடியனின் சைன் 0.09983, வித்தியாசம் 0.17 விழுக்காடு.

'ரேடியன்' என்ற பெயர் அச்சில் வந்தது 1873-இல், பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த தேர்வு வினாத்தாளில். கருத்து அதைவிடப் பழையது. 499-இல் ஆரியபட்டரின் சைன் அட்டவணை வட்டத்தை 21600 கலையாகப் பிரித்து, ஆரத்தையும் அதே கலையில் 3438 என்று எடுத்துக்கொண்டது. வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் வைப்பதுதானே ரேடியனின் உயிர். 3438-ஐ 60 ஆல் வகுத்தால் 57.3 பாகை.

அந்த 57.3 கைக்கணக்குக்கும் நல்ல கருவி. பை-க்கு 22/7 போட்டால் பிழை 0.04 விழுக்காடு, 3.14 போட்டால் 0.05. பாகையை நேரே 57.3 ஆல் வகுத்து ரேடியனாக்கினால் பிழை 0.0074 விழுக்காடு மட்டுமே. ஒரே வகுத்தலில் 22/7-ஐவிட ஐந்து மடங்கு துல்லியம் கிடைக்கிறது.

ரேடியனின் குறை என்ன? அழகான கோணம் எதுவும் அதில் முழு எண்ணாக வராது. செங்கோணமே 1.5708 என்று தொடங்கி முடிவில்லாமல் ஓடுகிறது. அதனால்தான் பை/2, 5பை/6 என்று பை-யைக் கையில் பிடித்துக்கொண்டே எழுதுகிறோம். தசமத்துக்கு மாற்றுவதைக் கடைசி வரிவரை தள்ளிப்போடுங்கள். இன்னொன்று: ரேடியனுக்குப் பரிமாணம் இல்லை. நீளத்தை நீளத்தால் வகுத்தது வெறும் எண்தானே. எனவே எழுதும்போது அலகை விட்டுவிடுவது வழக்கம். 'சைன் 2' என்று பார்த்தால் 2 ரேடியன், 2 பாகை அல்ல. பாகைக் குறியை எழுத மறந்தவர் தெரியாமலேயே கோணத்தை 57 மடங்கு பெரிதாக்கிவிடுகிறார்.

நூல், காகிதப் பட்டை, டிவைடர்

வில்லை நேரடியாக அளந்து கோணம் காணும்போது அலகுத் தேர்வே துல்லியத்தை மாற்றும். 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள தட்டின் மேல் 1 மில்லிமீட்டர் தடிமன் நூலைச் சுற்றினால், நூலின் நடுக்கோடு 50.5 மில்லிமீட்டர் ஆரத்தில் ஓடுகிறது. சுற்றளவு 314.2-க்குப் பதில் 317.3 காட்டும், ஒரு விழுக்காடு கூடுதல். இந்த வில் நீளத்தை 50 ஆல் வகுத்து ரேடியன் எடுத்தால் அந்த ஒரு விழுக்காடு அப்படியே கோணத்தில் ஏறும்.

அதே நூலால் முழுச் சுற்றளவையும் அளந்து, வில்லை அதனால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் நீண்டிருப்பதால் பிழை கழிந்துபோகும், கிடைப்பது சுத்தமான 'எத்தனை சுற்று'. பிறகு 6.2832 ஆல் பெருக்கினால் ரேடியன். நீளக் கணக்கில் ரேடியனே ராஜா என்றாலும் கையால் அளக்கும்போது சுற்று முந்திக்கொள்ளும் இடம் இது. முழுச் சுற்றளவை அளக்க வழியில்லாத வளைவு என்றால் நூலை விட்டுவிட்டுக் காகிதப் பட்டைக்கு மாறுங்கள். 0.1 மில்லிமீட்டர் தாளில் முழுச் சுற்றுக்கே 0.3 மில்லிமீட்டர்தான் கூடும்.

வரைந்த வட்டத்தில் டிவைடரால் (இரு முனையும் கூரான கவராயம்) அடியெடுத்து அளப்பவர்களுக்குச் சின்ன அடியே சிறந்தது என்ற எண்ணம் உண்டு. கணக்குப் போட்டால் அப்படியில்லை. ஆரம் 100 மில்லிமீட்டர், 1 ரேடியன் குறிக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் விரிவில் ஐந்து அடி வைத்தால் நாண்-வில் வித்தியாசத்தால் 0.17 மில்லிமீட்டர் கூடும். 5 மில்லிமீட்டர் விரிவில் 20 அடி வைத்தால் அது 0.01 ஆகக் குறைகிறது. ஆனால் விரிவை வைப்பதிலேயே 0.1 மில்லிமீட்டர் பிசகினால் முதலாவதில் 0.5, இரண்டாவதில் 2 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். பெரிய அடிதான் ஜெயிக்கிறது.

கிரேட்

செங்கோணத்தை நூறாகப் பிரித்தது, முழு வட்டம் 400. 1790-களில் பிரான்சில் மீட்டரோடு சேர்ந்து வந்தது. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,000 கிலோமீட்டர் என்று மீட்டரை வகுத்ததால், பூமியின் மேல் ஒரு கிரேட் 100 கிலோமீட்டர், அதன் நூறில் ஒரு பங்கு 1 கிலோமீட்டர். பாகைக்கும் இதே வித்தை தெரியும்: ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், 1852 மீட்டர்.

ஐரோப்பாவின் சில நாடுகளில் நில அளவைக் கருவிகள் இன்றும் கிரேடில் காட்டுகின்றன. 347 என்று படித்தவுடன் மூன்று செங்கோணமும் 47-உம் என்று தெரிந்துவிடும். அலகு வட்டத்துக்கு இது ஆகாது. 30 பாகை 33.333… ஆகிவிடுவதே இதை ஒதுக்கப் போதும்.

சுற்று: கணினிக்கு உள்ளே

புள்ளி எங்கே என்பதும் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதும் வேறு வேறு கேள்விகள். 750 பாகையும் 30 பாகையும் அலகு வட்டத்தில் ஒரே புள்ளி. நடந்த வில்லோ முதலாவதில் 13.09, இரண்டாவதில் 0.5236. புள்ளி மட்டும் வேண்டுமென்றால் முழுச் சுற்றுகளைக் கழித்துவிடலாம், நீளம் வேண்டுமென்றால் கழிக்கவே கூடாது. சுற்றில் எழுதினால் இது பளிச்சென்று தெரியும்: 2.0833 சுற்று, முழு எண் பகுதி தனி, பின்னப் பகுதி தனி.

ஒரு சுற்றை 65536 பங்காக்கி 16 பிட்டில் வைக்கும் வழக்கம் இதனால்தான் பிழைத்திருக்கிறது. எண் நிரம்பினால் தானாகவே சுழியத்துக்குத் திரும்பும், வட்டமும் அதைத்தான் செய்கிறது. 350 பாகையிலிருந்து 10 பாகைக்குப் போக 20 பாகை போதும், ஆனால் வெறுமனே கழித்தால் 340 என்று வரும். 16 பிட் முறையில் கழித்து விடையைக் குறியுள்ள எண்ணாக (நேர்மமாகவோ எதிர்மமாகவோ) படித்தால் குறுகிய வில்லே நேராகக் கிடைக்கும்.

பை-யை எந்தக் கணினியும் முழுதாக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பெரும்பாலான நிரல்மொழிகளில் சைன்(பை) கேட்டால் சுழியத்துக்குப் பதிலாக 1.22-ஐ 10-இன் 16 அடுக்கால் வகுத்த அளவுள்ள ஒரு துணுக்கு வரும். விடை சுழியமா என்று சமன்குறி போட்டுச் சோதிக்கும் நிரல் அங்கேயே தடுக்கி விழும். கோணத்தைப் பை-யின் மடங்காக வாங்கிக்கொள்ளும் தனிச் சார்புகள் இதற்காகவே சில நூலகங்களில் இருக்கின்றன.

திசை, தொடக்கம், கால்குலேட்டர்

அலகு வட்டத்தில் (1, 0) தொடக்கம், இடஞ்சுழி நேர்மம். திசைகாட்டியில் வடக்கு தொடக்கம், வலஞ்சுழி நேர்மம். ஒன்றை மற்றதாக்க 90-இலிருந்து கழிக்க வேண்டும். 120 பாகைத் திசைக்கோணம் அலகு வட்டத்தில் -30 பாகை, புள்ளி (0.866, -0.5). இந்தக் கழித்தலைப் பாகையில் முடித்துவிட்டு, அதன்பின் ஒரே ஒரு முறை ரேடியனுக்கு மாற்றுங்கள்.

கால்குலேட்டர் எந்த அலகில் இருக்கிறது என்று திரைமூலையில் தெரியும் சின்ன எழுத்தை நம்புவதைவிட ஒரு சைன் போட்டுப் பார்ப்பது மேல். எந்த எண்ணைப் போடுவது என்பதுதான் விஷயம். 0 போட்டால் எல்லா அலகிலும் 0 வரும், பயனில்லை. 90 போட்டால் பாகையில் 1, ரேடியனில் 0.894, கிரேடில் 0.988, அவசரத்தில் கிரேட் விடையை 1 என்று கண் ஏமாந்துவிடும். 30 போடுங்கள்: பாகையில் 0.5, கிரேடில் 0.454, ரேடியனில் -0.988.