நகர மண்டபம் கடைத்தொகுதிக்குள் போகலாம், வாடகைக்கு மட்டும் வேண்டாம்

பல நாடுகளில் இப்போது ஒரே மாதிரியான கேள்வி எழுகிறது. ஊர் நடுவே இருக்கும் கடைத்தொகுதியில் பாதிக் கடைகள் காலி. நாலு தெரு தள்ளி, நகராட்சி அலுவலகம் இயங்கும் நகர மண்டபமோ பழையது. கூரை, குழாய், மின்தூக்கி என்று எல்லாவற்றுக்கும் செலவு காத்திருக்கிறது. இருப்பதையே பழுதுபார்ப்பதா, மண்டபத்தைக் கடைத்தொகுதிக்குள் மாற்றிவிடுவதா?

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய தமிழ் உதவிக் குழு நடத்துகிறோம். வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது, அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டுவது, வந்த கடிதத்தைப் படித்து அர்த்தம் சொல்வது, இவ்வளவுதான் வேலை. பழைய இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தபோது இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியின் மேல்மாடியில் ஓர் அறை. இன்னொன்று, பழைய கடைவீடு ஒன்றின் மாடி. கடைத்தொகுதியைத்தான் எடுத்தோம். ஓர் அறையையும் ஒரு நகர மண்டபத்தையும் சமமாக வைத்துப் பேச முடியாது. ஆனால் குத்தகைத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியும் சில விஷயங்கள் இரண்டுக்கும் பொதுவானவை.

கடைத்தொகுதியின் நன்மைகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் நனையாமல் வரலாம், மின்தூக்கி உண்டு, கழிப்பறை சுத்தமாக இருக்கும், காத்திருக்கும் நேரத்தில் கீழே ஒரு தே குடித்துவிட்டு வரலாம். முட்டிவலிக்காரர்களுக்குக் கடைவீட்டின் குறுகலான மரப்படி ஒரு பெரிய தடை. மாறிய பிறகு, இதற்கு முன் வந்தே இராத ஆட்களும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். மீன் வாங்க வந்த அம்மா, கையோடு கடிதத்தையும் எடுத்துவந்து காட்டிவிட்டுப் போகிறார். ஆள் வருமா என்ற கேள்விக்குக் கடைத்தொகுதிதான் பதில். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, அதைப் பராமரிக்கும் முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதில்.

இந்த விஷயத்தில் சிங்கப்பூருக்கு நல்ல அனுபவம் உண்டு. நகர மண்டபம் என்ற பெயரில் இங்கே இன்று ஒரு நிர்வாகம் இல்லை. பாடாங் திடலுக்கு எதிரே 1929-இல் கட்டி முடித்த அந்தப் பெரிய தூண்கள் வைத்த கட்டடம் 2015 முதல் தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. ஆனால் நூலகங்களைக் கடைத்தொகுதிக்குள் வைத்து நாம் பல ஆண்டுகளாகப் பழகியிருக்கிறோம். சிராங்கூனில் நெக்ஸ், கிளமெண்டியில் கிளமெண்டி மால், சுவா சூ காங்கில் லாட் ஒன், துறைமுக முனையில் விவோசிட்டி. கவனித்துப் பார்த்தால் நூலகம் பெரும்பாலும் மேல் மாடிகளில்தான் இருக்கும். கீழ்த்தளம் அதிக வாடகை தரும் இடம். மேலே ஆளை வரவழைக்க ஏதாவது வேண்டும், நூலகம் அந்த வேலையைச் செய்கிறது. சமூகப் பயன்பாட்டுக்கு இடம் ஒதுக்கும் வணிகக் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு அனுமதிக்கும் திட்டம் ஒன்றும் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் இருக்கிறது. ஆக, உரிமையாளருக்கும் ஆதாயம், நமக்கும் ஆதாயம்.

சரி, ஆதாயம் தீர்ந்தால்? ஆர்ச்சர்ட் நூலகத்தின் கதையைப் பாருங்கள். 1999-இல் நீ ஆன் சிட்டி கடைத்தொகுதியில் திறந்தது. இளையர்கள் குவிந்தார்கள். 2007-இல் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்தது. மறுபடி ஆர்ச்சர்ட்கேட்வே கடைத்தொகுதியில் திறந்தது 2014-இல். இடையில் ஏழு ஆண்டுகள் ஆர்ச்சர்ட் சாலைக்கு நூலகம் இல்லை. செங்காங்கில் வேறு மாதிரி. காம்பஸ் பாயிண்ட் கடைத்தொகுதியைப் புதுப்பிக்க மூடியபோது உள்ளே இருந்த நூலகமும் மூடியது. கடைத்தொகுதி காம்பஸ் ஒன் என்ற புதுப்பெயரில் 2016-இல் திறந்தது, நூலகம் 2017-இல் திரும்ப வந்தது. இதோடு குவீன்ஸ்டவுன் நூலகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1970-இல் திறந்த தனிக்கட்டடம், இன்றும் அதே முகவரி, 2013-இல் பாதுகாக்கப்படும் கட்டடமாகவும் அறிவித்துவிட்டார்கள்.

நூலகம் சில ஆண்டுகள் இல்லாவிட்டால் பக்கத்து வட்டாரத்துக்குப் போய்ப் படிக்கலாம். நகர மண்டபத்துக்கு அப்படி விடுப்பு விட முடியாது. பிறப்புப் பதிவு, உரிமம், வரி, மன்றக் கூட்டம் எல்லாம் நடந்தாக வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குத்தகையைப் புதுப்பிக்கும் நிலைமை ஒரு சின்னக் குழுவுக்குத் தாங்கும். எங்கள் சாமான்கள் சில அட்டைப்பெட்டிகளில் அடங்கிவிடும். ஒரு நகரத்தின் ஆவணங்கள் அடங்காது.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் பெரிய கடைத்தொகுதிகள் பலவும், பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடம் வாங்கி வாடகைக்கு விடும் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகள் கையில் இருக்கின்றன. வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால்தான் அவற்றுக்கு வரிச்சலுகை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் வாடகையைக் கூட்டுவது அவர்களுக்குக் கடமை மாதிரி. கடைக்காரர்களிடம் விற்பனையிலும் ஒரு பங்கு வாங்குவார்கள். விற்பனையே இல்லாத ஓர் அலுவலகம் அவர்கள் கணக்கில் எப்போதும் கடைசி வரிசைதான்.

வாடகையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது பராமரிப்பு. கடைத்தொகுதியின் தளம் ஆழமானது. சன்னல் வெளிச்சம் நடுவரை வராது, காற்றும் வராது. குளிரூட்டல் முழுக்கட்டடத்துக்கும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அது கடை நேரத்தோடு ஓடும், காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை. நாங்கள் சீக்கிரம் வந்து கதவைத் திறந்தால் அறை வெந்துகொண்டிருக்கும். கூடுதல் நேரத்துக்குக் குளிரூட்டல் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் தனிக்கட்டணம். நகர அலுவலகம் எட்டரைக்குத் திறக்க வேண்டும், மன்றக் கூட்டம் நள்ளிரவையும் தாண்டலாம். ஒரு தளத்துக்காக முழு இயந்திரத்தையும் ஓட்டும் செலவு ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால், புதுக்கூரையே போட்டிருக்கலாம் என்று தோன்றும். நகரும்படிக்கட்டு பழுதானால் எப்போது சரிசெய்வது என்பதையும் கட்டட நிர்வாகம்தான் முடிவு செய்யும். நம் கையில் இருப்பது மின்னஞ்சல் அனுப்புவது மட்டும்.

அப்படியானால் சில தளங்களை மட்டும் விலைக்கு வாங்கிவிடலாமே என்பார்கள். என் பார்வையில் அது வாடகையைவிடச் சிக்கல். கடை கடையாகப் பிரித்து விற்ற பழைய கடைத்தொகுதிகள் இங்கே எத்தனை இருக்கின்றன! ஒவ்வொரு செலவுக்கும் நிர்வாகக் குழுவில் வாக்கெடுப்பு. ஒருவர் மின்தூக்கியை மாற்றச் சொல்வார், இன்னொருவர் கட்டணம் கூடும் என்று தடுப்பார். பத்து ஆண்டு தாண்டிய கட்டடமென்றால், 80 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் உரிமையாளர்கள் முழுக் கட்டடத்தையும் விற்கும் கூட்டு விற்பனைக்குச் சம்மதித்த பிறகு மீதிப்பேரும் விற்க வேண்டிவரும். ஊர் மக்களின் மண்டபம் பக்கத்துக் கடைக்காரர்களின் வாக்கை நம்பி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. முழுக் கட்டடமும் பொதுச் சொத்து, அதற்குள் கடைகள் வாடகைக்கு. தோ பாயோவில் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நடுவம் அந்த வகை. வீவக 2002-இல் தன் தலைமையகத்தைப் புக்கிட் மேராவிலிருந்து அங்கே மாற்றியது. கீழே கடைகள், பேருந்து முனையம், எம்ஆர்டி. மேலே அலுவலகம். வீட்டு விவகாரமாகப் போகிறவர்கள் அப்படியே சந்தைக்கும் போய் வருகிறார்கள், நகரத்தின் நடுவே ஒரு வேலை நடப்பதும் தெரிகிறது. 2017-இல் திறந்த ‘அவர் தெம்பனிஸ் ஹப்’ (Our Tampines Hub) இன்னும் பெரியது. பழைய தெம்பனிஸ் விளையாட்டரங்கம் இருந்த இடத்தில், சுமார் 5.7 ஹெக்டரில், நூலகம், நீச்சல் குளம், உணவங்காடி நிலையம், கடைகள், அரசாங்கச் சேவை முகப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ். நான் அடிக்கடி போகும் இடம் அது. அங்கே சேவை முகப்புக்கு வருகிறவர்கள் பயந்து நிற்பதில்லை. பிள்ளையை நீச்சலுக்கு விட்டுவிட்டு வந்து நம்பர் எடுத்துக்கொள்கிறார்கள். கடை வாடகை ஏறினால் அந்தப் பணம் பொதுப் பக்கமே வருகிறது என்பது இதில் இருக்கும் கூடுதல் நன்மை.

ஆனால் இந்த இரண்டும் புதிதாகவே அப்படிக் கட்டியவை. கைவிட்ட கடையை மண்டபமாக மாற்றிய அனுபவத்துக்கு ஜப்பானைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஊர்களுக்கு நான் போனதில்லை, படித்ததை வைத்தே சொல்கிறேன். இஷினோமாக்கி நகர மண்டபம் 2010-இல் மூடிப்போன ஒரு பேரங்காடிக் கட்டடத்துக்கு மாறியது. மறு ஆண்டே சுனாமி, கட்டடத்தைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்தது. தோச்சிகி நகர மண்டபம் 2014-இல் இன்னொரு பழைய பேரங்காடிக்குள் போனது. அங்கே தரைத்தளத்தில் கடை, மேலே மாநகர அலுவலகம். சுச்சியூரா 2015-இல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த இட்டோ யோக்காடோ பேரங்காடிக் கட்டடத்துக்குள் போனது. தோச்சிகியின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கிறது. அலுவலகம் வந்ததால் கடைக்கு ஆள், கடை இருப்பதால் அலுவலகம் வெறிச்சோடாமல் இருக்கும். கடைக்காகக் கட்டிய தளம் பொதுவாக அலுவலகத் தளத்தைவிட அதிக எடை தாங்கும் என்பதால் கோப்பு அலமாரிகள் பற்றியும் கவலை குறைவு. கூரையைத் திறந்து வெளிச்சம் இறக்குவதுதான் செலவு பிடிக்கும் வேலை.

பழைய மண்டபத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. பாடாங் எதிரே இருக்கும் அந்தக் கட்டடத்தில்தான் 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சரணடைந்த கையெழுத்து நடந்தது. 1959-இல் முதல் சுயாட்சி அமைச்சரவை அங்கே பதவியேற்றது. படிக்கட்டும் எதிரே திறந்த திடலும் இருந்தால்தான் அப்படி ஒரு நாளில் ஊர் கூடி நிற்க முடியும். கடைத்தொகுதியின் முற்றம் தனியார் இடம். பாதுகாவலர் வந்து நகரச் சொன்னால் நகரத்தான் வேண்டும். ஊர் மக்கள் தங்கள் மன்றத்தின் வாசலில் நின்று குரல் கொடுக்க உரிமை வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டல்லஸ் நகரம் இதே கேள்வியில் மாட்டியிருக்கிறது. கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்து 1978-இல் திறந்த, முன்பக்கம் சாய்ந்து நிற்கும் அந்த நகர மண்டபத்தைப் பழுதுபார்ப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்று 2025-இல் அங்கே பெரிய விவாதம் நடந்தது. அதே பெய்தான் நம் நகர மண்டப எம்ஆர்டி நிலையத்துக்கு மேலே நிற்கும் ராஃபிள்ஸ் சிட்டி கடைத்தொகுதியையும் வடிவமைத்தவர். 1858 முதல் இருந்த ராபின்சன்ஸ் பேரங்காடி 2020-இல் மூடுவதாக அறிவித்த பிறகு அந்தக் கட்டடத்தில் இருந்த அவர்கள் கிளையும் காலியானது. ஒரே கட்டடக் கலைஞரின் மண்டபத்துக்கும் கடைத்தொகுதிக்கும் சில ஆண்டு இடைவெளியில் சோதனை வந்ததைப் பார்க்கிறேன். பழுதுச் செலவைக் கேட்டுப் பயந்து உடனே வெளியேறுவது சரியில்லை என்பது என் எண்ணம். நல்ல கட்டடம், சொந்தக் கட்டடம், கடன் இல்லை என்றால் முதலில் அதைக் காப்பாற்றிப் பார்க்க வேண்டும். கட்டடம் சாதாரணமானது, ஊருக்கு ஓரமாக இருக்கிறது, பேருந்தில்லை என்றால் என் கணக்கு மாறும்.

அப்படி மாற வேண்டி வந்தால் நான் கேட்கும் நிபந்தனைகள் இவை. கட்டடம் முழுசும் நகரத்தின் பெயரில் இருக்கட்டும், நிலத்தோடு. குளிரூட்டலைத் தளம் தளமாகப் பிரித்து ஓட்டும்படி மாற்றிய பிறகே குடிபுக வேண்டும். தரைத்தளத்தில் ஒரு பேரங்காடியும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கட்டும், அந்த வாடகை பராமரிப்பு நிதிக்கே போகட்டும். மக்கள் வரும் முகப்புகள் முதல் மாடியில், நகரும்படிக்கட்டில் ஏறியதும் கண்ணில் படும்படி. மன்றக் கூடம் மட்டும் மேல்மாடி மூலையில் வேண்டாம். தெருவைப் பார்த்த பக்கம், தனி வாசலோடு, கடைகள் மூடிய பின்னும் யாரும் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்கும்படி இருக்க வேண்டும்.