மரச்செக்கு, ரோட்டரி, எக்ஸ்பெல்லர், ரீஃபைண்ட்: எள் எங்கே எண்ணெயாக வேண்டும்?

ஈரோட்டுக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் எண்ணெய் வாங்குவது இரண்டு வேலையாக இருந்தது. முதலில் எள்ளையோ கடலையையோ வாங்க வேண்டும். பிறகு அதைப் புடைத்து, காயவைத்து, செக்குக்கு எடுத்துச் சென்று ஆட்ட வேண்டும். சிவகிரியில் எள்ளும் அவல்பூந்துறையில் கொப்பரையும் இன்றும் ஏலம் போவதால் அந்த வழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. எங்கே ஆட்டுவது என்பதில்தான் இப்போது குழப்பம் வந்துள்ளது. மரச்செக்குக் கடை ஒரு பக்கம், அதே உரல்-உலக்கை முறையில் மோட்டாரில் ஓடும் இரும்பு ரோட்டரி ஒரு பக்கம், ஊருக்கு வெளியே எக்ஸ்பெல்லர் மில், மளிகைக் கடையில் ரீஃபைண்ட் பாக்கெட் என நான்கு வழிகள் இருக்கின்றன. நான்குக்கும் விலை வேறு, நான்கைப் பற்றியும் உறுதியான நம்பிக்கைகள் வேறு. அந்த நம்பிக்கைகளில் எவ்வளவு நிற்கும் என்பதை இயந்திரங்களின் செயலிலிருந்தே பார்க்க விரும்புகிறேன்.

எள்ளில் ஏறத்தாழப் பாதி எடை எண்ணெய்தான். ஆனால் அது ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை. புரத உறை போர்த்திய மிக நுண்ணிய துளிகளாகச் செல்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. செக்கின் சாய்ந்த உலக்கை உரலின் சுவரோடு எள்ளை வைத்துத் தேய்க்கும்போது செல்கள் உடைகின்றன, உறைகள் கிழிகின்றன. அப்போதும் எண்ணெய் உடனே வந்துவிடாது; கொஞ்ச நேரம் வரை உரலில் கறுத்த மாவுதான் சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் செக்குக்காரர் தண்ணீர் தெளித்து, கருப்பட்டியைப் போடுவார். எண்ணெய் எடுக்கும் இடத்தில் தண்ணீர் எதற்கு என்று சிறு வயதில் நான் கேட்டதற்கு, "அது போட்டாத்தானுங்க இது உடும்" என்று பதில் வந்தது. உண்மையில் அந்தப் பதில் சரியானது. மாவிலுள்ள புரதமும் நாரும் தண்ணீரை ஏற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது, அவற்றின் இடையில் இருந்த எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. கருப்பட்டியின் பிசுபிசுப்பு மாவைக் கட்டியாகத் திரட்டிப் புண்ணாக்காகப் பிரித்துவிடுகிறது. நல்லெண்ணெய்க்கு ஒரு மெல்லிய இனிப்பு வாசம் வருவதும் இதனால்தான். எள்ளுக்குக் கருப்பட்டி என்ற பக்குவத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் அதை ஒரு தேர்ந்த கண்டுபிடிப்பு என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, மரமா இரும்பா என்ற வழக்கு. வாகை மரத்தில் செய்த உரலும் உலக்கையும் சூட்டை உறிஞ்சி எண்ணெயைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்று பலகையில் எழுதியிருப்பதைக் கோவை, திருப்பூர், ஈரோடு எங்கும் பார்க்கலாம். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். இரும்பு அதைவிடப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். உரலுக்குள் உராய்வினால் பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் காற்றில் விடுவதில் இரும்புதான் கெட்டி. மரம் அந்தச் சூட்டை உள்ளேயே நிறுத்திவைக்கும். அப்படியிருந்தும் மரச்செக்கு எண்ணெய் கைபொறுக்கும் இளஞ்சூட்டில் வழிவதற்குக் காரணங்கள் வேறு. உலக்கை மெதுவாகச் சுற்றுகிறது. உரலின் வாய் திறந்திருக்கிறது. தெளித்த தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எள்ளை அரைக்கச் செலவான ஆற்றல் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாற வேண்டும் என்றாலும், ஒரு மணி நேரத்துக்கு நீளும் வேலையில் அந்தச் சூடு வெளியேறப் போதிய அவகாசம் கிடைக்கிறது. மெதுவாக ஓட்டி, தண்ணீர் தெளித்து, அளவாக எள் போட்டால் இரும்பு ரோட்டரியிலும் சூடு கட்டுக்குள் இருக்கும். மரச்செக்கையே மோட்டார் பூட்டி அவசரமாக ஓட்டினால் அதுவும் சுடும். ஆகவே கடைக்குப் போனால் உரல் எதனால் ஆனது என்று கேட்பதைவிட, வழியும் எண்ணெயில் விரலை வைத்துப் பார்ப்பதே பயனுள்ளது.

மரத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது எண்ணெய் குடிக்கும். நாள்தோறும் ஓடும் செக்கில் பழைய எண்ணெய் தங்க இடமில்லை. வாரத்துக்கு ஒரு முறை ஓடும் செக்கில் மரத்துக்குள் ஊறிய எண்ணெய் காறி, அடுத்து ஆட்டும் எண்ணெயிலும் அந்த வாடையை ஏற்றும். ஒரு முறை எங்கள் எள்ளை அப்படியொரு கடையில் கொடுத்து, அந்த ஆண்டின் நல்லெண்ணெய் முழுவதையும் விளக்குக்கே ஊற்ற வேண்டியதாயிற்று.

எக்ஸ்பெல்லரின் கதை வேறு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வலேரியஸ் ஆண்டர்சன் என்பவர் 1900ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய இந்த இயந்திரத்தில், நீண்ட திருகு ஒன்று மூடிய கூண்டுக்குள் சுழன்று வித்தை முன்னே தள்ளிக்கொண்டே போகும். போகப்போக இடம் குறுகும். கூண்டின் இடுக்குகள் வழியே எண்ணெயும், கடைசி வாய் வழியே புண்ணாக்கும் வரும். இதில் ஈடு, அதாவது ஒரு முறைக்கு உரலில் போடும் வித்து, மாற்றுவது என்ற பேச்சே இல்லை. ஒரு பக்கம் கொட்டக் கொட்ட மறுபக்கம் வந்துகொண்டே இருக்கும். சூடு சாதாரணமாக நூறு டிகிரியைத் தாண்டும். எண்ணெய் இளகி வடியட்டும் என்று வித்தை முன்கூட்டியே நீராவியில் வாட்டுவதும் உண்டு. இந்தியாவில் இத்தகைய மில்கள் பெருகிய காலத்தில், 1934இல் வார்தாவை மையமாக வைத்துத் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவைச் செயலாளராகக் கொண்டு, மாட்டுச் செக்கை மேம்படுத்தி மில்லுக்கு எதிரே நிறுத்த முயன்றது. அந்தப் போட்டியில் அளவு என்ற ஒரே கணக்கில் பார்த்தால் செக்கு ஜெயிக்க வழியில்லை.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். செக்குப் புண்ணாக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை எண்ணெய் தங்கும். எக்ஸ்பெல்லர் புண்ணாக்கில் ஆறு முதல் எட்டு. ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு கழுவியெடுக்கும் ஆலையில் ஒன்றுக்கும் கீழே. பத்துக் கிலோ எள் கொடுத்தால் செக்கில் நான்கு கிலோவுக்குச் சற்று மேல், எக்ஸ்பெல்லரில் நாலரை கிலோவுக்குச் சற்று மேல், கரைப்பானில் ஏறக்குறைய முழு ஐந்தும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் மட்டும் வேண்டுபவருக்குச் செக்கு நட்டம்தான். ஆனால் கட்டுத்தறியில் எருமையோ மாடோ நிற்கும் வீட்டில் கணக்கு அங்கே முடிவதில்லை. செக்கு விட்டுவைத்த எண்ணெய் புண்ணாக்கோடு தாழிக்குப் போய்ப் பாலாகத் திரும்புகிறது. எண்ணெயையும் பாலையும் சேர்த்து எழுதும் குடும்பத்துக்குச் செக்கு நட்டமாகத் தெரியாததற்கு இதுவே காரணம். மாட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனவருக்கு அதே செக்கு எண்ணெய் விலை கூடுதலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

ரீஃபைண்ட் எண்ணெயைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்தில் கோபம்தான் முதலில் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி நியாயம். பசை நீக்கி, காரத்தால் அமிலம் நீக்கி, களிமண்ணால் நிறம் நீக்கி, கடைசியில் வெற்றிடத்தில் இருநூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி வாசம் நீக்கும்போது, நல்லெண்ணெயை நல்லெண்ணெயாக்கும் மணமும், வைட்டமின் ஈயில் ஒரு பகுதியும், எண்ணெய் சிக்கு ஏறாமல் காக்கும் எள்ளின் இயற்கைப் பொருள்களில் சிலவும் போய்விடுகின்றன. கொழுப்பு அமிலங்களின் விகிதம் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. எனவே செக்கு எண்ணெயில் கொழுப்பு வேறு, ரீஃபைண்டில் கொழுப்பு வேறு என்பது சரியன்று. பாக்கெட்டின் மேல் கொலஸ்ட்ரால் இல்லை என்று அச்சிடுவதிலும் பொருளில்லை. தாவர எண்ணெய் எதிலும் அது சொல்லும்படியாக இருப்பதில்லை.

கோபத்தின் மறுபாதியை நான் ஏற்காததற்குக் காரணம் நிலக்கடலை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துவிழுந்தன. அவற்றின் தீவனத்தில் சேர்ந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் அது எங்கும் வரலாம். காரமும் களிமண்ணும் கடந்து வரும் ரீஃபைண்ட் எண்ணெயில் அது ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுகிறது. செக்குக்கு அந்தத் திறன் இல்லை. உரலில் எது விழுந்ததோ அதன் ஒரு பங்கு எண்ணெயிலும் வரும், பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கி மாட்டின் வழியே பாலுக்கும் போகலாம். ஆகவே செக்கு எண்ணெயின் தரம் கடலையைப் பொறுக்கும் முறத்தில்தான் தீர்மானமாகிறது. பூஞ்சணம் படிந்த, சுருங்கிய, சொத்தைப் பருப்பைத் தள்ளிவிட்டு, நன்றாகக் காய்ந்ததை மட்டும் ஆட்டக் கொடுப்பவருக்குச் செக்கு நல்லது. பருப்பைக் கண்ணால் பார்க்காமல், லேபிளில் உள்ள மாட்டுப் படத்தை நம்பி வாங்குபவருக்கு ரீஃபைண்டே பாதுகாப்பு என்று தயங்காமல் சொல்வேன்.

வீட்டு மேடையில் வைத்து ஆட்டும் சிறிய எண்ணெய் இயந்திரத்தைச் செக்கு என்று சொல்லி விற்கிறார்கள். உள்ளே இருப்பது சிறிய எக்ஸ்பெல்லர் திருகுதான். பெரும்பாலானவற்றில் குழலைச் சூடேற்றிய பிறகே ஓட்ட வேண்டும். புதிதாக எண்ணெய் கிடைக்கும் என்பது உண்மை. செக்குப் பக்குவம் கிடைக்காது.

தேங்காயெண்ணெய்க்கு வரும்போது தராசு எக்ஸ்பெல்லர் பக்கம் சாய்கிறது. காங்கேயம், வெள்ளகோவில் சுற்றிலும் களத்தில் உடைத்துக் காயவைத்த கொப்பரை மலைபோல் குவிந்திருக்கும். அதில் அறுபது பங்குக்கு மேல் எண்ணெய். அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி எளிதில் சிக்கு ஏறாத வகை என்பதால், நூறு டிகிரிச் சூடு எள்ளின் மணத்துக்குச் செய்யும் கேட்டைக் கொப்பரைக்குச் செய்வதில்லை; கொப்பரையின் வாசம் சற்று வறுபட்டாற்போல் மாறும், அவ்வளவே. இங்கே நான் பார்ப்பது கொப்பரை வெயிலில் காய்ந்ததா, மழை நாளில் கந்தகப் புகை போட்டு வெளுக்கப்பட்டதா என்பதை மட்டும். தூய வெள்ளையாக இருக்கும் கொப்பரையை விட்டுவிட்டு, வெயில் பட்டுச் சற்றே பழுத்த நிறத்தில் இருப்பதை எடுக்கிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது எள் மட்டும் மரச்செக்குக்குப் போகிறது. தை கழிந்து ஒரு முறை, ஆடிக்கு முன்னால் ஒரு முறை. கடலெண்ணெயைப் பருப்பு பொறுக்க ஆள் இருக்கும் ஆண்டில் ரோட்டரியில் ஆட்டுகிறோம், இல்லாத ஆண்டில் ரீஃபைண்ட் வாங்குகிறோம். தீபாவளிப் பலகாரத்துக்கும் ரீஃபைண்ட்தான்; ஆட்டிய எண்ணெயில் தங்கும் பசை, முறுக்குச் சட்டியில் நுரை கட்டிப் பொங்க வைக்கும், புகையும் சீக்கிரமே கிளம்பும். தேங்காயெண்ணெய் காங்கேயத்து மில்லிலிருந்து வருகிறது. போன முறை ஆட்டி வந்த நல்லெண்ணெய் எவர்சில்வர் தூக்கில் மூன்று நாள் வெயிலில் நின்று, கசடு அடியில் இறங்கி, நேற்றுதான் தெளிந்திருக்கிறது.