ரிமோட் கார் ட்ரிஃப்ட்: ஃபோர்வீல் வண்டியா, பின்சில்லு வண்டியா?

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார்களைச் சறுக்க விட்டு ஓட்டும் ட்ரிஃப்ட் விளையாட்டில் இறங்க நினைப்பவர், எந்த செசியை (வண்டியின் அடிச்சட்டத்தை) வாங்குவது என்று கேட்பதற்கு முன்னர், தமக்கு வாய்த்திருக்கும் தரை எது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலும் காத்தான்குடியிலும் பலருக்குக் கிடைப்பது, கடற்கரை மணல் ஓயாமல் வந்து படியும் கார்பட் போட்ட தார் வீதியோ, இன்டர்லொக் கல் பதித்த முற்றமோதான். சம்மாந்துறைப் பக்கத்தில் இருப்பவருக்கு அரிசி ஆலையில் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் கிடைக்கக்கூடும். அறுவடை முடிந்த கையோடு அங்கு போய் அனுமதி கேட்பதில் மட்டும் பயனில்லை.

நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் ஃபோர்வீல் வண்டியில், பின்பக்கம் விலகிப் போனாலும் முன்சில்லுகள் வண்டியை முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். தரையில் ஓரிடத்தில் மணலும் அடுத்த இடத்தில் வெறும் தாருமாக இருக்கும் வீதியில் இந்த இழுவைதான் காப்பாற்றுகிறது. டமியாவின் டிடி-02டி இந்த வகையைச் சேர்ந்தது. அதில் விசையைக் கடத்துவது ஷாப்ட் எனும் சுழல்தண்டு என்பதாலும், கியர்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதாலும், மணல் உள்ளே புகுவது குறைவு. பெல்ட் மூலம் இயங்கும் 3ரேசிங் சகுரா டி4-இன் ஃபோர்வீல் வகை போன்றவை ஸ்ரியரிங் கோணத்திலும் செற்றிங் செய்யும் வசதியிலும் மேலானவை என்றாலும், பெல்டுக்கும் அது ஓடும் பற்சக்கரமான புல்லிக்கும் இடையே ஒரு மணற்பருக்கை சிக்கினால் பல் தேயத் தொடங்கிவிடும். டிடி-02 குடும்பத்து வண்டிகளுக்குப் பல உதிரிப்பாகங்கள் பொதுவானவை என்பது, எல்லாவற்றையும் வெளியிலிருந்து தருவிக்க வேண்டிய நமக்குச் சிறிய நன்மையன்று.

பின்சில்லுகளை முன்சில்லுகளைவிட வேகமாகச் சுழல வைத்து, ஃபோர்வீல் வண்டியிலும் வளைவுக்கு எதிராக முன்சில்லுகளைத் திருப்பும் எதிர்ப்பக்க ஸ்ரியரிங்கைக் கொண்டுவரும் கவுன்டர்ஸ்டியர் முறையும் உண்டு. 1.5 விகிதம் என்றால் முன்சில்லு ஒரு தடவை சுற்றும்போது பின்சில்லு ஒன்றரைத் தடவை சுற்றும். எதிர்ப்பக்க ஸ்ரியரிங்கைத் தானே பார்த்துக்கொள்ளும் ஜைரோ என்ற கருவி மலிந்துவிட்ட பிறகு, இதற்காக வேறு அளவுப் புல்லிகளைத் தேடி அலைவதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

யொகோமோ வைடி-2, எம்எஸ்டி ஆர்எம்எக்ஸ் போன்ற, பின்சில்லுகளுக்கு மட்டும் விசை செல்லும் பின்சில்லு வண்டிகள் வேறு குணமுள்ளவை. வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை ஜைரோ உணர்ந்து, சறுக்கும் திசைக்கு ஏற்ப, முன்சில்லுகளைத் திருப்பும் சேர்வோ மோட்டரை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. ஜைரோ தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தால் முதல் வளைவிலேயே வண்டி பம்பரமாகும். ஆகவே வண்டியைக் கையில் தூக்கி, அதன் மூக்கை இடப்பக்கம் திருப்பும்போது முன்சில்லுகள் வலப்பக்கம் போகின்றனவா என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை. அடுத்தது கெயின், அதாவது ஜைரோ எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்ற அளவு: முன்சில்லுகள் நேரோட்டத்தில் நடுங்கத் தொடங்கும்வரை அதைக் கூட்டி, நடுக்கம் நிற்கும் அளவுக்குச் சற்றுக் குறைத்தால் போதும். முன்சில்லுகளுக்கு 6 முதல் 8 பாகை வரை உட்சாய்வான கேம்பர், அதே அளவை ஒட்டிய காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு), 60 பாகைக்கு மேல் திரும்பக்கூடிய ஸ்ரியரிங், இரு பின்சில்லுகளும் ஒன்றாகவே சுழலுமாறு பூட்டிய டிப்ரென்ஷல் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. மோட்டரைப் பொறுத்தவரை, மெதுவான வேகத்தில் திக்காமல் கிளம்பும் சென்சர் உள்ள பிரஷ்லெஸ் வகைக்குச் செலவழிக்கலாம். உச்ச வேகத்துக்கு இங்கு வேலையில்லை.

இரண்டு வண்டிகளையும் உண்மையில் பிரிப்பது ஓட்டுபவரின் விரல்தான். ஃபோர்வீல் வண்டி சுழன்றுவிடப் போகிறது என்று தெரிந்தால் த்ரொட்டிலைக் கூட்ட வேண்டும்; முன்சில்லுகள் அதை இழுத்து நேராக்கும். சறுக்கல் கோணம் கூட வேண்டுமானால் த்ரொட்டிலைத் தளர்த்த வேண்டும். பின்சில்லு வண்டியில் அதே பழக்கத்தோடு அழுத்தினால் பின்பக்கம் இன்னும் விலகிச் சுழற்சி முழுமையடையும். அங்கே சற்றுத் தளர்த்தினால்தான் ரயர் மீண்டும் தரையைப் பற்றும். வளைவுக்கு முன் ஒரு கணம் வெளிப்பக்கம் திருப்பி, உடனே உள்ளே திருப்பியபடி த்ரொட்டிலைச் சிறிதாகத் தட்டினால் சறுக்கல் தொடங்கும். அதன்பின் எதிர்ப்பக்க ஸ்ரியரிங்கை ஜைரோவிடம் விட்டுவிட்டு, வண்டி போக வேண்டிய பாதையை மட்டும் காட்டினால் போதும். பதற்றத்தில் நாமும் எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பினால், வண்டி சறுக்கலிலிருந்து வெடுக்கென்று மறுபக்கம் பாயும். ஃபோர்வீலில் பழகிவிட்டுப் பின்சில்லுக்கு மாறுபவர் திணறுவது இந்த இடத்தில்தான் என்பதால், ‘முதலில் இலகுவானதில் பழகு’ என்ற அறிவுரையை நான் அவ்வளவாக ஏற்பதில்லை.

ரயர் விடயத்தில் இரண்டுக்கும் விதி ஒன்று: தரை எவ்வளவு பற்றுகிறதோ அவ்வளவு கடினமான பிளாஸ்டிக் வேண்டும். மழமழவென்ற சீமெந்துக்கு ஓரளவு பற்றும் வகையும், சொரசொரப்பான தாருக்குத் தேயாத கடின வகையும் பொருந்தும். ஃபோர்வீல் வண்டியை வீதியில் ஓட்டுபவர் நல்ல ரயரைத் தேய்த்து வீணாக்கத் தேவையில்லை. ஹார்ட்வெயார் கடைக்கு ரிம்மையே கொண்டுபோய், அதன் மேல் இறுக்கமாக ஏறும் எஸ்லோன் (பிவிசி) பைப்பைத் தேடி, வளையங்களாக அறுத்துப் போட்டுக்கொள்ளலாம். பின்சில்லு வண்டிக்கு இந்தச் சிக்கனம் சரிவராது. அதற்குத் தேவையான மெல்லிய பிடிமானத்தை பைப் தராது.

ஆகவே வீதியும் முற்றமும் மட்டுமே உள்ளவருக்கு ஃபோர்வீல் ஒன்றே என் பரிந்துரை. தரைக்கும் செசிக்கும் இடையே 5, 6 மில்லிமீற்றரே விட்டுத் தாழ்த்திய பின்சில்லு வண்டி, இன்டர்லொக் கல்லின் விளிம்புகளில் இடித்துக்கொண்டே இருக்கும். கூட்டி மணலை அகற்றக்கூடிய சீமெந்துத் தளமோ பாடசாலை மண்டபமோ கிடைப்பவர், தொடக்கமே பின்சில்லாக வைத்துக்கொள்ளலாம். நண்பர்களோடு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டும் எண்ணம் இருந்தால், அவர்களிடம் உள்ள வகையையே வாங்குவதோடு ரயரும் ஒரே வகையாக இருக்குமாறு பேசிக்கொள்ள வேண்டும்; ஃபோர்வீலும் பின்சில்லும் ஒரே வளைவை வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு கோட்டில் கடப்பதால், பின்னால் வருபவர் முன்னால் போகும் வண்டியின் கதவோரத்தை நெருங்கவே முடியாது.