அரை மாதச் சம்பளம் கொடுத்து நான் வாங்கியது பெரணி இல்லை, கறை

இன்று காலைதான் பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல், கனிமம், பழம்பொருள் விற்கும் ஓர் இணையச் சந்தை. பெயர் வேண்டாம். கடலோரத்தில் பொறுக்கிய கல்லைப் பிளந்தபோது கிடைத்தது என்று ஒருவர் வெளிர்நிறக் கல் தட்டு ஒன்றைப் போட்டிருந்தார். அதன் மேல் கறுப்பாக, அச்சு அசலாகப் பெரணி இலை. "30 கோடி ஆண்டு பழைய புதைபடிவம்." கல் பொறுக்கும் பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. தூக்கம் போய்விட்டது.

ஆனாலும் உடனே விழவில்லை. வீடியோ காலில் கூப்பிட்டுப் பேசினேன். அவர் மேசையில் முட்டை வடிவத்தில் இன்னொரு கல் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "அது வேண்டாம் சார். டைனோசர் முட்டைன்னு சொல்லி விப்பாங்க. வெறும் வண்டல் இறுகின உருண்டை. நான் அப்படி விக்க மாட்டேன்" என்றார். அந்த உருண்டையைப் பற்றி அவர் சொன்னது நிஜமாகவே உண்மை. அந்த ஓர் உண்மைக்குத்தான் அரை மாதச் சம்பளத்தை அனுப்பினேன். தன் சரக்கையே குறை சொல்கிறவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் மாட்டினேன்.

கல் வந்ததும் நிலவியல் படித்த நண்பனிடம் பெருமையாக நீட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவன் சிரிக்கக்கூட இல்லை. "நடுநரம்பு எங்கடா?" என்றான்.

இல்லை. பெரணி என்றால் நடுவில் ஒரு காம்பு ஓடும், இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள் இருக்கும், நன்றாகப் பதிந்திருந்தால் அவற்றில் நரம்பும் தெரியும். இதிலோ கிளை பிரிந்து, அதிலிருந்து கிளை பிரிந்து, ஒழுங்கே இல்லாமல் படர்ந்திருக்கிறது. எல்லாம் கல்லின் ஓரத்து விரிசலிலிருந்து கிளம்புகின்றன. மாங்கனீசு கரைந்த நீர் விரிசலுக்குள் கசிந்து ஆக்சைடாகப் படியும்போது இப்படித்தான் செடி போலப் படருமாம். டென்ட்ரைட் என்று பெயர். உயிர் என்ற ஒன்று அதில் இருந்ததே இல்லை. கல்லும் இடித்தது: அந்தக் காலத்துப் பெரணிகள் பெரும்பாலும் நிலக்கரியோடு சேர்ந்து வரும் கருத்த களிப்பாறையில்தான் கிடைக்கும், என்னுடையது வெளிர் சுண்ணாம்புக்கல்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் "இயற்கைப் பொருள் சார், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும்." அப்புறம் "சான்றிதழ் கொடுத்தோமே." எடுத்துப் பார்த்தால் கையெழுத்தே அவருடையதுதான்! அப்புறம் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனேன். படத்தில் இருந்த கல்தான் வந்திருக்கிறது, ஆகவே தவறில்லையாம். சரி, படம் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் எழுதியிருந்ததுதானே பொய்? அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. அரை மாதச் சம்பளம், ஒரு கறைக்கு.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும்: உயிரின் உடம்பில் ஒழுங்கு இருக்கும், ஒரே மாதிரி பாகங்கள் சீராகத் திரும்பத் திரும்ப வரும், அதைத் தேடுங்கள். விரிசலை ஒட்டிக் கறை படர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கல்லில் வட்ட வட்டமாகத் துளை இருந்தால் அது பெரும்பாலும் பாறை துளைக்கும் சிப்பியின் வேலை, நேற்றையதாகவும் இருக்கலாம். பணம் அனுப்புவதற்கு முன்னால் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பின்னால் இல்லை.

அந்த ஆள் நேற்று இன்னொரு "பெரணி" ஏற்றியிருக்கிறார். இரண்டு பேர் ஏற்கெனவே விலை கேட்டிருக்கிறார்கள். அதன் கீழே நான் எழுதிய கருத்து ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.