சீட்டா, பவுணா, வைப்பா: 25 வயதில் மாதம் 15,000 ரூபாயை எங்கே போடுவது?

கொழும்பு வெள்ளவத்தையில் போர்டிங் வாடகை, சாப்பாடு, பஸ் காசு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் 15,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா பவுணாக வாங்கிப் போடச் சொல்வார். ஒபிஸில் சீட்டுப் பிடிக்கும் அக்கா ஒரு ஆள் குறைகிறது என்பார். வங்கியில் வேலை செய்யும் நண்பன் நிலையான வைப்பு என்பான். மூன்றுமே பிழையில்லை. எது கூட வட்டி தரும் என்பதைவிட, அவசரத்துக்கு எதை உடைக்கலாம், உடைத்தால் எவ்வளவு நட்டம் என்பதே இந்த வயதில் பார்க்க வேண்டிய கணக்கு. வேலை மாறுவது, போர்டிங் மாறுவது, தங்கச்சியின் கல்யாணம் எல்லாம் 25க்கும் 30க்கும் இடையில்தான் வரிசையாக வந்து நிற்கும்.

அந்த 15,000ஐத் தொட முன்னர் சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் போகிறது, முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) அவர் பங்காக இன்னும் 3 வீதம். இரண்டு வேலை ஒன்றாக வந்தால் பலரும் கைக்கு வரும் காசை மட்டும் பார்த்துப் பிழைவிடுகிறார்கள். ஒரு கம்பனி 100,000 தருகிறது, ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் 40,000தான், மிச்சம் சேமலாப நிதிக் கணக்கில் சேராத கொடுப்பனவு. மற்றது 95,000, முழுவதும் அடிப்படை. முதலாவதில் கைக்கு 96,800 வரும், இரண்டாவதில் 87,400. ஆனால் முதலாளி மேலதிகமாகப் போடுவது முதலாவதில் 6,000, இரண்டாவதில் 14,250. ஐந்து வருடம் முடித்து விலகும்போது பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 40,000இல் அது 100,000 ரூபாய், 95,000இல் 237,500. முதல் வேலையில் சேமலாப நிதிக் காசு உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பதை முதல் ஆறு மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். சிட்டையில் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாத இடங்களும் உண்டு. முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்கு, தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில்.

இனிச் சீட்டு. குலுக்கல் சீட்டில் சிக்கலில்லை. பத்துப் பேர், ஆளுக்கு 10,000, மாதம் ஒருவருக்கு 100,000. வட்டி கிடையாது. முதலில் எடுத்தவர் வட்டியில்லாக் கடன் வாங்கியவர், கடைசியில் எடுத்தவர் அதைக் கொடுத்தவர்.

ஏலச் சீட்டில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மொத்தத்தில் கூட விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பவருக்கே அந்த மாதக் காசு, அவர் விட்டுக்கொடுப்பதுதான் கழிவு. 20 பேர், ஆளுக்கு 10,000, மொத்தம் 200,000. முதல் மாதம் வழக்கமாகச் சீட்டுப் பிடிப்பவருக்குப் போகும். இரண்டாம் மாதம் ஒருவர் 40,000 கழிவு கேட்டு 160,000ஐ எடுக்கிறார். கழிவில் சீட்டுப் பிடிப்பவரின் பங்கு 10,000 போக, மீதி 30,000ஐ 20 ஆல் பிரித்தால் ஆளுக்கு 1,500. ஆகவே அந்த மாதம் எல்லோரும் 8,500தான் கட்டுவார்கள். கழிவு போகப் போகக் குறையும், மிச்சம் 18 மாதமும் சராசரியாக 9,000 என்று வையுங்கள். இரண்டாம் மாதம் எடுத்தவர் அதுவரை கட்டிய 18,500 போக 141,500ஐ வாங்கி 162,000ஐத் திருப்பிக் கட்டுகிறார். வருடத்துக்கு 17, 18 வீத வட்டிக் கடன் இது. கடைசிவரை பொறுத்தவர் 180,500 கட்டி 200,000 எடுக்கிறார், அவருக்கு 13 வீதத்துக்கு மேல் வருகிறது. வங்கியை விட நல்லது என்று தோன்றும். தோன்றட்டும். முதல் மாதங்களில் எடுத்தவர்களில் இரண்டு பேர் 13ஆம் மாதம் கட்டாமல் விட்டால், முதலில் சீட்டுப் பிடிப்பவர் தன் கையால் போட்டுச் சமாளிப்பார், பிறகு போனை எடுக்க மாட்டார். அந்த அடி விழுவது கடைசியில் காத்திருப்பவருக்கு. ஆகவே 10, 12 பேருக்கு மேலோ ஒரு வருடத்துக்கு மேலோ போகும் சீட்டில் சேர வேண்டாம். எடுத்தவரிடம் பிணை வாங்குகிறார்களா என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அந்தச் சீட்டு வேண்டாம்.

நிலையான வைப்பு அலுப்பான சாமான், அதுதான் அதன் நல்ல குணம். 100,000க்கு 8 வீதம் என்றால் 8,000, அதில் வங்கியே கழித்துக்கொள்ளும் 10 வீத நிறுத்திவைத்தல் வரி போக 7,200. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவென்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்த வரியைத் தவிர்க்கலாம், இளைஞர்கள் பலர் இதைச் செய்வதேயில்லை. 200,000ஐ ஒரே பத்திரமாகப் போடாமல் நான்கு 50,000ஆகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால், வட்டி குறைவது அந்த ஒன்றுக்கு மட்டும். நிதிக் கம்பனி கூடுதல் வட்டி தரும். ஆனால் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான், அதுவும் உரிமம் உள்ள இடத்துக்கு மட்டும். 2020இல் பழைய பெரிய நிதிக் கம்பனி ஒன்றின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்ததைக் கொழும்பு இன்னும் மறக்கவில்லை. அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலும் இதே இனம்தான்: 91, 182, 364 நாள், 92,600 அளவில் கட்டி 100,000 எடுப்பது போல.

வைப்பின் பலவீனம் 2022இல் தெரிந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒற்றை இலக்க வட்டிக்குப் போட்டவர்கள் இருக்க, செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ரூபாய் விழுந்தது, பவுண் ஏறியது. அம்மா சொன்னது சரி என்று அப்போது பலருக்கும் பட்டது.

சரிதான், ஆனால் நகையாக அல்ல. செட்டியார் தெருவில் 100,000 ரூபாய்க்குச் சங்கிலி வாங்குகிறீர்கள், அதில் செய்கூலியும் சேதாரமும் 12,000 என்றால் பொன் 88,000. விற்கும்போது கடைக்காரர் 4 வீதம் கழித்தால் கையில் 84,480. பொன் விலை 18 வீதம் ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். சேமிப்புக்கென்றால் நாணயமாக வாங்குங்கள், பில்லில் நிறையும் கரட்டும் எழுதியிருக்க வேண்டும். நகையின் ஒரே வசதி வங்கியில் அடகு வைத்து அன்றைக்கே காசு எடுக்கலாம் என்பது. தவணைக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும்.

ஆகவே எங்கள் வரிசை: மாதச் செலவு 70,000 என்றால் மூன்று மாதத்துக்கு 210,000. 15,000 வீதம் 14 மாதத்தில் சேரும். சம்பளம் வந்த மறுநாளே வேறு கணக்குக்குத் தானாக மாற வங்கியில் நிலையியற் கட்டளை கொடுத்து, 50,000 சேரச் சேரத் தனித்தனி வைப்பாக்குங்கள். அதற்குப் பிறகு ஒரு சின்னச் சீட்டு, பிறகு நாணயம்.

அந்த 210,000 இருந்தால் சீட்டின் வேலை பாதி குறைந்துவிடும். அனெக்ஸ் எடுக்க ஆறு மாத முற்பணம், மாதம் 30,000 வீதம் 180,000 தேவை. ஏலத்தில் அள்ளினால் 17 வீதம். வைப்பை ஈடுவைத்து அதில் 90 வீதம் கடன் எடுத்தால் 189,000, வட்டி வைப்பு வட்டியை விட இரண்டு மூன்று வீதம்தான் கூட. வைப்பும் உடையாது. வீட்டுக்காரர் முற்பணத்தை மாத வாடகையில் கழிப்பாரா, போகும்போது முழுதாகத் தருவாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கடன் படிவத்தில் கையெழுத்து வையுங்கள்.