இதயப் பஞ்ச்சில் வெற்றிலை: ஆறு வருடப் பஞ்ச் அனுபவம்

2019-ல் மகளின் முதல் பிறந்தநாள் படங்களை ஒட்டி ஆல்பம் செய்ய ஆசைப்பட்டு, பெங்களூரு போனபோது சிக்பேட் பக்கம் ஒரு கடையில் மூன்று பேப்பர் பஞ்ச் (தாளை நுழைத்து அழுத்தினால் ஒரு வடிவமாக வெட்டித் தரும் கருவி) வாங்கி வந்தேன். இதயம், பனிப்பூ (ஸ்னோஃப்ளேக்), 2 அங்குல வட்டம். இப்போது பெட்டியில் 11 இருக்கின்றன. அடிக்கடி கையில் எடுப்பது நாலே நாலுதான், அதில் மூன்று அன்றைக்கு வாங்கியவை.

முதல் வருடம் எல்லோரையும் போல இதயத்தை வெட்டிப் படத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கையிலிருந்த சிவப்புத் தாள் தீர்ந்து, கரும்பச்சையில் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வெத்தலையாட்டம் இருக்குதே. காம்பு வெச்சா முடிஞ்சுது" என்றார். அதோடு என் பஞ்ச் வேலையே மாறிப்போனது.

செய்முறை சுலபம். பச்சை இதயத்தை நடுவில் லேசாக மடித்து விரியுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கமாக அழுத்தி நரம்பு கீறுங்கள். மேலே பள்ளமான இடத்தில் ஒரு துண்டு பச்சை நூல். இப்படிப் பதினைந்தை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கினால் ஆல்பத்தில் வளைகாப்புப் பக்கத்துக்குத் தாம்பூலத் தட்டு தயார். பனிப்பூவும் அப்படித்தான். நம் ஊரில் பனிப்பொழிவு ஏது? வெள்ளைத் தாளில் வெட்டிச் செம்மண் நிறத் தாளில் ஒட்டினேன், மார்கழி வாசல் கோலமாகிவிட்டது. ஆபீஸ் ஃபைலுக்கு ஓட்டை போடும் பஞ்ச்சிலிருந்து விழுகிற சின்ன வெள்ளை வட்டங்கள்தான் புள்ளி.

ஆனால் பணம் கொடுத்து வாங்கியதில் முழுசாகத் திருப்தி தந்தது அந்த வட்டப் பஞ்ச்தான். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு, சுற்றிலும் மாந்தோப்பு. புதுமனைப் புகுவிழாப் பக்கத்துக்கு மாவிலைத் தோரணம் வேண்டியிருந்தது. கடையில் இருந்த இலைப் பஞ்ச் எல்லாம் விரல்விரலாகப் பிரிந்த வேறு நாட்டு இலை. வட்டத்தையே வெட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே வெட்டிய வட்டத்தைப் பஞ்ச்சின் வாயில் பாதிக்கும் குறைவாக நுழைத்து மறுபடி அழுத்தினால், இரண்டு வட்டமும் சந்திக்கிற இடம் மட்டும் கீழே விழும். இரண்டு முனையும் கூர்மையான இலை, ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை அகலம். அசல் மாவிலைதான். மிச்சமாகும் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அது பிறை. ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை செய்ய அதுவே போதுமானதாக இருந்தது.

ஒகேனக்கல் படங்களுக்கான ஆல்பப் பக்கத்துக்குப் பரிசல் செய்ததும் வட்டத்தில்தான். பழுப்புத் தாளில் வளையம் வெட்ட வேண்டும். பெரிய வட்டத்தை முதலில் வெட்டிவிட்டு நடுவில் சின்னதைக் குத்தினால் நிச்சயம் கோணிக்கொள்ளும். சின்ன ஓட்டையை முதலில் போடுங்கள். அப்புறம் பெரிய பஞ்ச்சைத் தலைகீழாகப் பிடித்து, ஓட்டை சரியாக நடுவில் தெரிகிறதா என்று பார்த்து அழுத்துங்கள். ஒன்று கவனம்: சாதாரணப் பழுப்புக் கவர் தாளில் அமிலம் இருக்கும், நாளாக நாளாக மஞ்சளாகும். அதைப் படத்தின்மேல் படும்படி நான் ஒட்டுவதில்லை. படத்துக்கு அடியில் அமிலம் நீக்கிய தாள் மட்டும்தான்.

அதே ஒகேனக்கல் பக்கத்தில்தான் மனசு ஆறாத தவறு ஒன்றும் செய்தேன். அப்பா பரிசலில் உட்கார்ந்திருக்கும் படம் வீட்டில் ஒன்றே ஒன்று. பிரதி எடுக்காமல் அதையே வட்டமாக வெட்டினேன். பஞ்ச் நழுவி, தம்பியின் தோள்மேல் இருந்த அப்பாவின் கை போய்விட்டது. இன்றும் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது கண் நேராக அங்கேதான் போகும். தயவுசெய்து மூலப்படத்தைப் பஞ்ச்சுக்குள் நுழைக்காதீர்கள். ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டு அதை வெட்டுங்கள்.

பஞ்ச் எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்வதென்றால், மெல்லிய வேலைப்பாடு உள்ள பஞ்ச்கள்தான் சீக்கிரம் கெட்டன. கொடி வடிவப் பஞ்ச் ஒன்று ஒரே வருடத்தில் தாளை வெட்டாமல் கடிக்க ஆரம்பித்தது. மழுங்கினால் அலுமினியத் தாளை நாலாக மடித்துப் பத்து தடவை குத்துவேன், கொஞ்சம் கூர் வரும். இறுகினால் ஒரு தாளில் மெழுகுவத்தியைத் தேய்த்து அதைக் குத்துவேன். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடைக் கணக்கு) தாண்டிய அட்டை வேண்டாம். தடித்த கல்யாணப் பத்திரிகையை அப்படியே நுழைத்து ஒரு பஞ்ச்சின் பிளாஸ்டிக் பிடி முறிந்தது.

தாளின் ஓரத்தில் டிசைன் வெட்டும் பார்டர் பஞ்ச் வாங்கியதில் எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். 12 அங்குலப் பக்கத்தில் ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் டிசைன் பாதியில் நிற்கும். நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போனால் முனைகள் ஒரே மாதிரி முடியும். பக்கத்தின் உள்ளே சாதாரணப் பஞ்ச் எட்டாது, தனிப் பட்டையில் வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் 2 அங்குல வட்டம் ஒன்று, 1 அங்குல வட்டம் ஒன்று, அப்புறம் இதயம் வாங்குங்கள். பொம்மை, கேக், பலூன் பஞ்ச்கள் ஒரு பிறந்தநாளோடு சரி.

இப்போது நாத்தனார் கல்யாண ஆல்பம் நடக்கிறது. 2002-ல் அடித்த பத்திரிகை, தாள் மெல்லியது, பஞ்ச்சுக்குப் பிரச்சினை இல்லை. வீட்டில் இன்னும் நாலு பிரதி இருந்ததால் தைரியமாக வெட்டினேன். முகவரியில் "காவேரிப்பட்டணம், தருமபுரி மாவட்டம்" என்று இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தானே. அந்த இரண்டு சொல்லும் வட்டத்துக்குள் முழுசாக விழ வேண்டும் என்று பஞ்ச்சைத் தலைகீழாகப் பிடித்து ஐந்து நிமிடம் நகர்த்தி நகர்த்திப் பார்த்துத்தான் அழுத்தினேன். சுற்றிலும் பன்னிரண்டு மாவிலை ஒட்டியிருக்கிறேன். அத்தை அதைக் கண்ணருகே வைத்துப் படித்துவிட்டு, என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.